முதல் பக்கத்து முதலை

அன்று பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். பத்திரிகைத் துறையைக் காப்பாற்றியே தீர வேண்டும். அதற்கு முதல் வேலை, என் மனைவியின் கைபேசியை அடக்குவது.

அவசரப்பட்டு என்னைத் திட்டாதீர்கள். முழுக்கக் கேளுங்கள். நான் ஒரு தினசரியில் நிருபர். தலை நரைத்த நிருபர். என் மனைவிக்கு அலுவலகம் எங்கள் வீட்டு மாடி ஜன்னல். அங்கிருந்து தெருவைப் படம் பிடிப்பாள், பேசுவாள், இணையத்தில் ஏற்றுவாள். சானலுக்குப் பேரே ‘மாடி ஜன்னல்’தான். கல்யாணமான நாளிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு அவளைப் பின்தொடர்ந்தவன் நான் ஒருவன்தான். இப்போது ஊரே பின்தொடர்கிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சந்தையில் தீப்பிடித்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. புகையில் இருமி, தீயணைப்பு அதிகாரியின் வாயைக் கிளறி, செய்தியை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“சந்தையில தீ. தெரியுமா?” என்றேன் மிடுக்காக.

“பழக்கடைக்குப் பின்னாடி. மின்கசிவு. யாருக்கும் காயமில்ல. கூரை மேல மாட்டிக்கிட்ட பூனையைக்கூட இறக்கிட்டாங்க. மதியமே போட்டுட்டேனே!”

பூனையா? அங்கே பூனை இருந்ததே எனக்குத் தெரியாது. மறுநாள் ஆபீசில் ஆசிரியர் கேட்ட முதல் கேள்வி: “ஏன் சார், பூனையை எங்கே விட்டீங்க?”

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் பேச்சை எடுத்தேன்.

“இதோ பாரு. செய்தின்னா விளையாட்டில்ல. நிருபர்னா நிரூபிக்கணும். தினமும் சரியா இருக்கறதாலதான் அதுக்குப் பேரு தினசரி.”

“அப்போ தப்பா இருந்தா?”

“அதுக்குப் பேரு மாடி ஜன்னல்.”

சிரித்தாள். கோபித்துக்கொண்டிருந்தால் விட்டிருப்பேன். சிரித்துவிட்டாள். அதனால்தான் திட்டம் போட்டேன்.

திட்டம் எளிமையானது. அவள் காதில் விழும்படி ஒரு பொய்ச் செய்தியை எடுத்து விடுவது. அவள் முன்பின் யோசிக்காமல் அதைப் போட்டுவிடுவாள். ஊர் சிரிக்கும். அவள் கைபேசியைக் கீழே வைப்பாள். நான் பெருந்தன்மையாக ஆறுதல் சொல்வேன். ஆறுதல் வசனத்தைக்கூட ஒத்திகை பார்த்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சோபாவில் கையை விட்டுத் துழாவி, கண் அடுப்படி மேலேயே இருக்க, எடுத்ததைக் காதில் வைத்தேன்.

“ஹலோ! யாரு, வனத்துறை அதிகாரியா? சொல்லுங்க சார்... என்னது? பூங்கா குளத்துல முதலையா?”

அடுப்படியில் கத்திச் சத்தம் நின்றது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

“எவ்ளோ பெரிசு சார்? கேக்கல, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க!” என்று ஒரு பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து டிவியில் வில்லி கத்து கத்தென்று கத்தினாள். அவளையும் மீறி நான் கத்தினேன். “படகு அளவு முதலையா! யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன் சார்!”

மனைவி எட்டிப் பார்த்தாள். “யாருங்க போன்ல?”

“அது ஆபீஸ் ரகசியம். உன் சானல்ல கீனல்ல போட்டுடாதே.”

“சேச்சே, எனக்கெதுக்குங்க உங்க ரகசியம்?”

உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு நெளிந்தது. மீன் தூண்டிலைக் கடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் எழுந்தால் வீட்டில் அவள் இல்லை. வாசலில் பத்திரிகை கிடந்தது. பிரித்தேன்.

“பூங்கா குளத்தில் ராட்சத முதலை! மக்கள் பீதி!”

முதல் பக்கம். எட்டு பத்தி அகலத்தில் தலைப்பு. கீழே, ‘நமது சிறப்பு நிருபர்’. இந்த ஊரில் எங்கள் பத்திரிகைக்கு ஒரே ஒரு சிறப்பு நிருபர்தான். அவர் அப்போது கலைந்த தலையும் திறந்த வாயுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அடுப்படியில் என் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். ஆசிரியர்.

“பிரமாதம் சார்! பூனையை விட்டாலும் முதலையைப் பிடிச்சிட்டீங்க!”

“சார்... இதை யாரு உங்களுக்கு...”

“உங்க பக்கத்து வீட்டுக்காரர்தான். நீங்க வனத்துறைகிட்ட பேசினதைச் சுவரு வழியாக் கேட்டாராம்.”

பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்த பேர் ஒலிபெருக்கி. அவர் காதில் ஒரு சேதி நுழைந்தால் அது தங்குவதில்லை.

“உறுதிப்படுத்த வேண்டாமா சார்?” என்றேன் பரிதாபமாக.

“உங்களைக் கூப்பிட்டேன், எடுக்கல. நம்ம ஆளு வாயிலேருந்தே வந்த சேதி, அதுக்கு மேல என்ன உறுதி வேணும்? சீக்கிரம் குளத்துக்கு ஓடுங்க. முதலை போட்டோ வேணும். வாயைத் திறந்த மாதிரி.”

திறந்த வாய்தான் வேண்டுமென்றால் என்னுடையதையே எடுத்திருக்கலாம். அதே போனில் ‘மாடி ஜன்னலை’த் திறந்தேன். நேரலை. குளக்கரையில் என் மனைவி. பின்னால் பெருங்கூட்டம். ஆளுக்கு ஆள் கையில் எங்கள் பத்திரிகை. தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கி நின்று, பூங்காத் தோட்டக்காரர் பாசியை வாரிக்கொண்டிருக்கிறார்.

“அண்ணே, முதலை எங்கே இருக்கு?” என்று கேட்டாள் என் மனைவி.

“பேப்பர்லதாம்மா இருக்கு.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. போனில் இதயக் குறிகள் மேலே மேலே பறந்தன. என் இதயம் மட்டும் கீழே போனது.

தோட்டக்காரர் அதோடு விடவில்லை. ஒரு கை நுரையை அள்ளிக் காட்டினார். “இந்தத் தண்ணியில மீனே பொழைக்கல. முதலை எப்படிம்மா பொழைக்கும்? அதோ பாருங்க குழாய். பின்னாடி சலவை ஆலையிலேருந்து சோப்புத் தண்ணி நேரா இங்கதான் விழுது. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. இத்தனை பேரு குளத்தை எட்டிப் பாத்ததே இன்னைக்குத்தான்.”

மனைவி கேமராவைக் குழாய்ப் பக்கம் திருப்பினாள். வெள்ளை வெளேரென்று நுரை. ஓரத்தில் செத்து மிதந்த மீன்கள். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் கரையோரம் நெருங்கி வந்து பார்த்தது. பிறகு எல்லோரும் ஆலை வாசலுக்கு நடந்தார்கள். அவளும் நடந்தாள். சலவை ஆலை முதலாளி வெளியே வந்து முதலில் முறைத்தார். கேமராவைப் பார்த்ததும் பாதி முறைப்பிலேயே சிரித்தார். மதியத்துக்குள் சுகாதார அதிகாரி வந்து குழாயை அடைத்துவிட்டார். அந்தக் குளத்துக்கு விடிவு பிறக்க ஒரு பொய் முதலை தேவைப்பட்டிருக்கிறது. முதலைப் போட்டவன் நான். லாபம் பூராவும் அவளுக்கு.

வீடு திரும்பியவளிடம் ஒன்றைத்தான் கேட்டேன். “அது பொய்யின்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க போன் அடுப்படியில என் கண்ணு முன்னாடி சார்ஜ் ஏறிக்கிட்டிருந்துச்சு. நீங்க காதுல வச்சிருந்தது டிவி ரிமோட். நீங்க ‘சத்தமாச் சொல்லுங்க’ன்னு அழுத்தினதுலதான் அந்த வில்லி அப்படிக் கத்தினா.”

“அப்போ ஏன் குளத்துக்குப் போனே?”

“முதலை பொய்தான். குளம் நிஜமாச்சே! போய்ப் பாத்து நாளாச்சுன்னு போனேன். போனாத்தானேங்க தெரியுது.”

இதைத்தான் நான் புதிதாக வரும் நிருபர்களுக்கெல்லாம் பாடமாகச் சொல்வது வழக்கம். அவளிடம் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை போலிருக்கிறது.

மறுபடி ஆசிரியர் போன். இந்த முறை குரலில் தேன் இல்லை. “மானம் போச்சு சார்! நாளைக்கு அந்தக் குளத்துச் செய்தியைப் போட்டாத்தான் தலை தப்பும். அந்த வீடியோ எடுத்தவங்களைப் பிடிச்சு, படத்தை வாங்கிட்டு வாங்க. யாரோ ஒரு அம்மாவாம்.”

அந்த யாரோ ஒரு அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். தொண்டையைக் கனைத்தேன். ஒரு தலையணை உறையை நானாகவே எடுத்து மடித்தேன்.

“என்னங்க, புதுசா இருக்கு?”

“ஆபீஸ்ல உன் படத்தைக் கேக்கறாங்க.”

“தரேன். தோட்டக்காரர் சொன்னதுல ஒரு எழுத்தை மாத்தக் கூடாது.”

“சரி.”

“முதலைச் செய்திக்குத் திருத்தம் போடணும்.”

“அதுக்கென்ன! உள்பக்கத்துல, வானிலைக்குக் கீழே, பொடி எழுத்துல...”

“முதல் பக்கத்துல. அதே சைஸ் எழுத்துல.”

நான் பத்திரிகைத் தர்மம், பரம்பரை, கௌரவம் என்று ஏதேதோ பேசினேன். அவள் இன்னொரு தலையணை உறையை என் கையில் கொடுத்தாள். சரியென்றேன்.

மறுநாள் இரண்டும் வந்தன. ஆச்சரியம், பத்திரிகை மத்தியானத்துக்குள் விற்றுத் தீர்ந்தது. தப்பை இவ்வளவு பெரிய எழுத்தில் ஒத்துக்கொண்ட பத்திரிகையை மக்கள் பார்த்ததே இல்லையாம். தோட்டக்காரர் தன் படம் வந்த பக்கத்தை மரத்தில் ஒட்டிவைத்துவிட்டார். எனக்கும் உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது. துள்ளலாக ஆபீசுக்குப் போனேன்.

ஆசிரியர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். “உக்காருங்க சார். உங்க வீட்டம்மாகிட்ட இப்பத்தான் பேசினேன். வாரா வாரம் நம்ம பத்திரிகைக்கு ஒரு பக்கம் தரச் சம்மதிச்சிட்டாங்க!”

“ரொம்ப சந்தோஷம் சார்.”

“அலைச்சலுக்கு, எடுபிடிக்கு ஒரு உதவியாள் வேணுமேன்னு யோசிச்சேன். வீட்டிலேயே இருக்கீங்களேன்னு உங்க பேரைச் சொன்னேன்.”

வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன். “அவ என்ன சொன்னா சார்?”

“‘வேற நல்ல ஆளா யாரும் இல்லையா’ன்னு கேட்டாங்க.”