பல் போன குழியில் புழு பிடித்தவர்

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, ரயில் நிலையத்துக்கு எதிர்க் கட்டடத்தின் மாடியிலுள்ள பல் மருத்துவமனையில், முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று அகற்றப்பட்டது.

அதே நேரம் மாடிப்படிக்கு அடியில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். யாருக்கும் பல் பிடுங்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஏற்கெனவே பிடுங்கியாகிவிட்டது. அவர்கள் காத்திருந்தது குழி வைத்தியருக்காக.

குழி வைத்தியரின் தத்துவம் எளிது. டாக்டர் பல்லைத்தான் எடுப்பார். அதில் குடியிருந்த புழுவை எடுக்கமாட்டார். வீடு இடிந்த கோபத்தில் புழு குழிக்குள் உட்கார்ந்து குடைகிறது. அதைப் புகை போட்டு வெளியே வரவழைக்கும் வரம் அவருக்குக் கனவில் கிடைத்ததாம். கடை போட இடத்தையும் அந்தக் கனவே காட்டியிருக்க வேண்டும். பல் மருத்துவமனைப் படிக்கட்டுக்குக் கீழே! நல்ல வியாபார மூளையுள்ள கனவு. வைத்தியர் கட்டணம் வாங்கமாட்டார். பக்கத்திலிருந்த பித்தளைக் குடம் வாங்கிக்கொள்ளும்.

பல் எடுத்துக்கொண்ட பெண் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. வருகிற திங்கட்கிழமை குரல் தேர்வு. தேறினால் நிரந்தரம், தவறினால் வீடு. வாயில் பஞ்சைக் கடித்தபடி, டாக்டர் தந்த சீட்டோடு படியிறங்கியவரை வரிசையிலிருந்த பொத்தான் கடைக்காரர் மறித்தார்.

"ஏம்மா, புழுவை உள்ளயே விட்டுட்டுப் போறியா?"

"ம்ம்?" பஞ்சு அவ்வளவுதான் அனுமதித்தது.

"இப்ப வலிக்காது. ஊசி மரமரப்பு. நாளைக்குப் பாரு, குடையும். எனக்கு மூணு தடவையில பதினோரு புழு எடுத்திருக்காரு!"

"இன்னும் வலிக்குதா?" என்று அறிவிப்பாளர் பஞ்சுக்கு ஓரமாகக் கேட்டார்.

"பின்னே? குடும்பம் பெருசு!"

அறிவிப்பாளர் திங்கட்கிழமையை நினைத்தார். வரிசையில் நின்று, முறை வந்ததும் வைத்தியர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அகலமான தட்டு நிறையத் தண்ணீர். நடுவில் ஒரு கனல் சட்டி. வைத்தியர் கனலில் ஒரு சிட்டிகை விதை தூவினார். "பஞ்சைத் துப்பும்மா. குழாயை வாயில வை. புகையை நல்லா உறிஞ்சு. இப்பக் காறித் துப்பு. இன்னும் பலமா!"

தட்டில் மூன்று வெள்ளைப் புழுக்கள் மிதந்தன. கூட்டம் வாயைப் பிளந்தது. அந்தக் கூட்டத்துக்கு அது பழகிய வேலை.

வியாழக்கிழமை வலி காதுவரை ஏறியது. வாயில் இரண்டு விரல் நுழையவில்லை. மறுபடி போனார், மறுபடி இரண்டு புழு. வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் முறையாகக் கிளம்பியவரை நாத்தனார் வாசலில் நிறுத்தினாள். அவளுக்குச் செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் வேலை.

"அண்ணி, டாக்டர் சீட்டைப் படிச்சீங்களா?"

"அவரு புழுவைப் பத்தி ஒண்ணுமே எழுதலையே."

"எழுதினதைப் படிங்க."

அரை மணி நேரம் பஞ்சைக் கடித்திருக்கவும் என்று எழுதியிருந்தது. அன்று முழுவதும் துப்பவோ, கொப்பளிக்கவோ, எதையும் உறிஞ்சவோ கூடாது. புகை கூடவே கூடாது. ஆறிய, மிருதுவான உணவு. கன்னத்தின்மேல் ஐஸ் ஒத்தடம். தலைக்கு இரண்டு தலையணை. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்.

"குழியில ரத்தம் உறைஞ்சு மூடி மாதிரி நிக்கணும் அண்ணி. அதுக்கு அடியிலதான் புண்ணு ஆறும். அந்த ஆளு உறிஞ்சச் சொல்லி, துப்பச் சொல்லி, மூடியைப் பேத்துட்டான். வலியைக் கொடுத்ததும் அவன்தான், வைத்தியம் பண்றதும் அவன்தான்."

"அப்பப் புழு? என் கண்ணால பார்த்தேனே!"

"வாங்க, நானும் பார்க்கறேன்."

முறை வந்ததும் நாத்தனார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஐயா, மேல இடது பக்கம் இந்தப் பல்லு. உயிர் போகுது. பிடுங்கறதுக்கு முன்னாடியே புழுவை எடுத்துடுங்க."

தொழில் விரிவடைவதில் வைத்தியருக்கு மகிழ்ச்சி. புகை போட்டார். நான்கு மிதந்தன. "இந்தப் பல்லேதான். புகை காட்டிக் கொடுத்திடுச்சு பாரு!"

நாத்தனார் வாய்க்குள் விரலை விட்டு அந்தப் பல்லைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"போன மாசம் நானே செஞ்ச பிளாஸ்டிக் பல்லு. இதுல நாலு பேரு எங்க குடியிருந்தாங்க?"

வைத்தியர் அசரவில்லை. "புழு பல்லுல இல்லம்மா, ஈறுல!"

"சரி, வாயே இல்லாமப் பார்த்துடுவோம்."

தட்டைக் கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். எல்லாரையும் மூன்றடி தள்ளி நிற்கச் சொல்லி, டப்பாவிலிருந்த விதையில் ஒரு கைப்பிடி எடுத்துக் கனலில் போட்டாள். விதைகள் படபடவென்று வெடித்தன. உள்ளேயிருந்த வெள்ளைக் குருத்துகள் சுருண்டு தெறித்துத் தண்ணீரில் விழுந்தன. பொத்தான் கடைக்காரர் எண்ணிப் பார்த்தார். பத்தொன்பது.

"பாவம், தட்டுக்கு எத்தனை பல்லு சொத்தையோ!" என்றாள் நாத்தனார்.

வரிசை சிரித்தது. பொத்தான் கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "யோவ், அப்ப என் பதினொண்ணும் விதையா?"

வைத்தியர் குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். கூட்டம் குடத்தை வைத்துக்கொண்டு அவரை மட்டும் அனுப்பியது. பிறகு வரிசை அப்படியே படியேறியது.

டாக்டர் குழியைச் சுத்தம் செய்து மருந்து வைத்தார். "திங்கட்கிழமை பேச முடியுமா டாக்டர்?" என்று அறிவிப்பாளர் கேட்டார்.

"அதுவரைக்கும் பேசாம இருந்தா, பேசலாம்."

இரண்டு நாள் அவர் இரண்டு தலையணையில் சாய்ந்து, ஸ்பூனால் ஐஸ்கிரீம் சாப்பிட்டார். கணவர் ஒத்தடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அறிவிப்பாளர் வலி மாத்திரையை மறந்தே போனார். இந்த உபசாரத்தைப் பார்த்து நாத்தனாருக்கே கொஞ்சம் பொறாமை.

பல்லைப் பிடுங்கினால் குழி விழும், ஒரு வாரத்தில் ஆறத் தொடங்கும். யோசிக்கும் பழக்கத்தைப் பிடுங்கிக் கொடுத்தால் விழும் குழியில்தான் இப்படிப்பட்டவர்கள் காலமெல்லாம் புழு எடுக்கிறார்கள். வாயைத் திற என்றதும் திறக்கிறோமே, கண்ணைத் திறக்க யார் சீட்டு எழுதித் தரவேண்டும்?

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் குரல் தேர்வு நடந்தது. ஏழு பேர் கலந்துகொண்டார்கள். இரண்டு பேர் தேறினார்கள். அறிவிப்பாளர் அவர்களில் ஒருவர்.