மைக் மூப்பர் தண்ணீரில் நடந்த சனிக்கிழமை

கடவுளுக்கு எப்போதாவது ஒரு கையாள் தேவைப்பட்டால், கற்பிட்டிப் பக்கம் வந்து தன்னைத்தான் விசாரிப்பார் என்று மைக் மூப்பர் முழு மனதோடு நம்பியிருந்தார்.

கோயிலில் செபம் சொல்லிக்கொடுப்பவரை எங்கள் ஊரில் மூப்பர் என்போம். மைக் இல்லாமல் இவரை யாரும் கண்டதில்லை. அதனால் அதுவும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்தி பட்டதும் செபமாலை தொடங்கும். ஸ்பீக்கர் ஊரோரக் களப்பின் தண்ணீரைப் பார்த்திருக்கும். மீன்களும் கேட்கட்டுமே என்பார். அவர் தொண்டையைச் செருமியதும் எங்கள் தெருவில் யன்னல்கள் வரிசையாகச் சாத்தப்படும். முதல் யன்னல் என்னுடையது.

புனிதர்களிடமும் அவருக்குக் குறை உண்டு. பெரிய குறை பேதுருவிடம். ஆண்டவர் கூப்பிட்டதும் படகிலிருந்து இறங்கித் தண்ணீரில் நடந்தவர், காற்றைக் கண்டு பயந்து தாழத் தொடங்கினாரே, அதை மூப்பரால் மன்னிக்க முடியவில்லை. "விசுவாசம் காணாது. நானெண்டா கரை மட்டும் நடந்திருப்பன்" என்று தேநீர்க் கடையில் சொன்னார், கலியாண வீட்டில் சொன்னார், ஒருமுறை செத்த வீட்டிலும் சொன்னார்.

அவரே தண்ணீரில் நடந்த நாளைச் சரியாகக் குறித்துவிடுகிறேன்: களப்புத் தீவிலுள்ள சிறு கோயிலின் கொடியேற்றத்துக்கு முந்திய சனிக்கிழமை. சோளகக் காற்று உரத்திருந்தது. அங்கே ஸ்பீக்கர் கட்ட, களப்போரம் குடியிருக்கும் நிசாம் நானாவின் வள்ளத்தில் போனோம். பின்னால் எஞ்சினோடு நானா, நடுவில் நான், முன்னால் ஸ்பீக்கரை மடியில் வைத்த மூப்பர். பாதி வழி தாண்டியதும் எஞ்சின் நின்றது. வள்ளம் பக்கவாட்டில் திரும்ப, அலை உள்ளே வந்தது. நான் வாளியால் இறைத்தேன். நானா கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். எஞ்சின் இருமியதோடு சரி.

"மூப்பர், ஓதுங்களேன்" என்றார் நானா.

மூப்பர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. ஆயுள் முழுக்கச் சொன்ன செபத்தின் முதல் சொல் போன இடம் தெரியவில்லை.

"மறந்திட்டுது" என்றார், ஸ்பீக்கரிடம் சொல்வதுபோல.

"அருள் நிறைந்த மரியே" என்றார் நானா, கயிற்றை விடாமல். "நான் ஓதல்ல. எடுத்துத் தாறன், நீங்க ஓதுங்க. அந்திக்கு அந்தி எங்கட ஊட்டுக்குள்ளயும் நீங்கதானே கத்துற."

மூப்பர் தொடங்கினார், அடுத்த வரியில் நின்றார். நானா அதையும் கொடுத்தார். இடையிடையே தனக்கென்று ஒரு துஆவையும் முணுமுணுத்துக்கொண்டார். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர் சொல்ல, நான் இறைக்க, காற்று எங்களைத் தள்ளிக்கொண்டே போனது. சட்டென்று அடியில் ஏதோ உரச, வள்ளம் நின்றது. தீவோரத்து மணல் திட்டு.

நானா துடுப்பால் ஆழம் பார்த்தார். "மூப்பர், இறங்குங்க. பேதுருவுக்கு ஏலாததச் செஞ்சி காட்டுங்க."

மூப்பர் கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தார். முழங்காலுக்கும் கீழேதான் தண்ணீர். ஸ்பீக்கரைத் தலையில் ஏற்றிக்கொண்டு கரை மட்டும் நடந்தார். மணலில் குந்தியிருந்து மூச்சு வாங்கினார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

"அப்பாடா. இனிப் பேதுருவ விடப் பெரிய ஆளா இருக்கத் தேவையில்ல. அது சரியான பாரம், நானா."

இப்போது அவர் கையில் செபப் புத்தகம் இருக்கிறது. ஆனாலும் சில அந்திகளில் நடுவில் நின்றுவிடுகிறார். அந்த இடைவெளியில் எங்கள் தெருவே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கிறது. அவருக்குக் கேட்க வேண்டுமே என்று யன்னல்கள் வரிசையாகத் திறந்திருக்கின்றன. முதல் யன்னல் என்னுடையது.