ஒரே கடைவாய்ப் பல்லுக்கு இருநூற்றுப் பதினாலு அப்பாயின்ட்மென்ட்

அன்பும், அதைவிட அதிகமாகப் பொறுமையும் உள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் பதிவேட்டு அலுவலகத்தில் முப்பத்துநாலு வருடம் குப்பை கொட்டியவன் நான். சரிபார்க்காத தகவலுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. ஆகவே அந்த வரியை இப்போதைக்குக் காலியாக விடுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் மூச்சு விடுவதற்குள் "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மாமா" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். தவிர, நீங்கள் இங்கே மாட்டிவிட்டுப் போன அந்தச் சமாச்சாரத்தின் கையில் இன்னும் சிக்காத பொருள் காகிதம் ஒன்றுதான்.

நான் என்ன கேட்டேன் மாப்பிள்ளை? ஓய்வு பெற்ற மறு வாரத்திலிருந்து ஆறு வருடமாக, உங்கள் மாமியாரின் பல் ஆஸ்பத்திரி வாசல் மேஜையில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு வந்து வாயைத் திறக்க வேண்டும் என்று நீள நோட்டில் எழுதிக்கொண்டு சிவனே என்று இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை வந்த நீங்கள்தான் அந்த நோட்டைப் பார்த்துச் சிரித்தீர்கள். "இனிமே போன் காலண்டர்ல எழுதுங்க மாமா. அது தானா டேட்டாபேஸ்ல போய் உட்காரும். அங்கேர்ந்து அந்த நிமிஷமே பேஷன்ட்டுக்கு மெசேஜ் போகும். கோடிங்கே வேண்டாம், இந்தப் பெட்டியிலேர்ந்து அந்தப் பெட்டிக்கு ஒரு அம்பு இழுத்தா முடிஞ்சது" என்றீர்கள். டேட்டாபேஸ் என்றால் என்ன என்று கேட்டதற்கு, "உங்க நோட்டுதான், கட்டம் போட்டிருக்கும்" என்றீர்கள். கட்டம் போட்ட நோட்டுக்கு நானா பயப்படுவேன்? தலையை ஆட்டிவிட்டேன். சோதனைக்கு என்று முதல் கட்டத்தில் 'டாக்டர்' என்று போட்டு உங்கள் மாமியாரின் நம்பரைக் கொடுத்தீர்கள். அவள்தான் ஞாயிறு மாலை தவிர மற்ற நேரத்தில் போனை டிராயரை விட்டு எடுக்க மாட்டாளே. நானே டிராயரைத் திறந்து பார்த்து "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கூவினேன். நீங்கள் கை குலுக்கிவிட்டு ரயிலேறிவிட்டீர்கள். நான் மாட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை முழுக்க உட்கார்ந்து நோட்டில் இருந்ததை அப்படியே காலண்டரில் ஏற்றினேன். அப்படியே என்றால் அப்படியே. எந்தப் பதிவேட்டிலும் ஓரக் குறிப்பு என்று ஒன்று உண்டு மாப்பிள்ளை. அது எழுதியவன் கண்ணுக்கு மட்டும். உங்கள் பெட்டிக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை. ஒரு வக்கீலுக்கு நேரே 'ஊசியைக் காட்டினால் அழுவார், கதவைச் சாத்தி வைக்கவும்' என்று எழுதியிருந்தேன். அது அவருக்கே போயிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அந்த நேரம் பார்த்து அவர் போன் அவருடைய ஜூனியர்கள் கையில் இருந்திருக்கிறது. வங்கி மேலாளருக்கு 'தினம் இரண்டு வேளை பல் துலக்குவதாகச் சொல்கிறார், நம்ப வேண்டாம்' என்று போயிருக்கிறது. பாட்டு டீச்சருக்கு 'முதலில் சங்கீதம், பிறகுதான் சிகிச்சை, அரை மணி சேர்த்து ஒதுக்கவும்' என்று போய், அந்த அம்மாள் செவ்வாய்க்கிழமை காலையிலேயே போனை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். "நான் எப்ப சார் பாடினேன்? வலி தாங்காம கத்தினேன்!" என்று அவர் கேட்டதும் காத்திருந்த ஐந்து பேரும் தங்கள் போனைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

சரி, இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் அலுவலகத்தில் அனுப்பிய தபாலுக்கு ஒப்புதல் திரும்பி வராவிட்டால் அது அனுப்பிய தபாலே இல்லை. உங்கள் அம்பு போகிறது, போகிறது, போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வார்த்தை உண்டா? அதனால் புதன்கிழமை நானே டேட்டாபேஸிலிருந்து காலண்டருக்கு இன்னொரு அம்பு இழுத்தேன். இங்கே ஒரு பெயர் வந்தால் அங்கே அதே பெயரும் குறிப்புமாக 'பெறப்பட்டது' என்று ஒரு பதிவு விழும், அவ்வளவுதான். காலண்டர் என்ன செய்தது? அந்த ஒப்புதலையே புது அப்பாயின்ட்மென்ட் என்று நினைத்து டேட்டாபேஸுக்கு அனுப்பியது. அது ஒரு ஒப்புதல் கொடுத்தது. இது அதற்கு ஒன்று. இரண்டும் எங்கள் பழைய ஹெட்கிளார்க்கும் சூப்பிரண்டும் மாதிரி மாறி மாறிப் பெற்றுக்கொண்டே இருந்தன, மதியம் நான் அந்த அம்பைப் பிடுங்கும் வரைக்கும். ஒரு பஸ் டிரைவருக்கு ஒரே கடைவாய்ப் பல்தான் பிடுங்க வேண்டும். அவருக்கு மட்டும் இருநூற்றுப் பதினாலு அப்பாயின்ட்மென்ட். மனுஷன் கோபப்படவில்லை, பயந்துபோய்த்தான் வந்து நின்றார். "சார், எனக்கு மொத்தமே முப்பத்திரண்டு பல்லுதானே?" என்று கேட்டார்.

உங்களைக் கூப்பிட்டேன். ரீஸ்டார்ட் என்றீர்கள். செய்தேன். பெட்டிகள் தூங்கி எழுந்து புதுத் தெம்போடு நின்றன. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொறுக்கமாட்டாமல் காலண்டரில் இருந்ததையெல்லாம் ஒட்டுமொத்தமாக அழித்தேன். அழித்தால் 'ரத்து' என்று மெசேஜ் போக நீங்கள் ஒரு மூன்றாவது பெட்டி வைத்திருந்ததை அப்போது மறந்துபோனேன். வியாழக்கிழமை வாசலில் ஆறு நாற்காலியும் காலி. உங்கள் மாமியார் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்து, "எங்கங்க எல்லாரும்?" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னாள். "ஒண்ணாம் தேதியிலேர்ந்து மேஜைக்கு ஒரு பொண்ணு வருது. நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க. ஏற்கெனவே தினம் நாலு மணி பேஷன்ட்டை வாசல்லயே நிறுத்தி வச்சு ஊர்க்கதை பேசி நேரத்தைக் கெடுக்கறீங்க. இப்ப இது வேற." நாலு மணிப் பேச்சுக்கு என்னிடம் காரணம் இருக்கிறது. சொல்லவில்லை. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அந்த மாதிரி விஷயங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகவில்லை.

எனக்கு அந்த மேஜை வேண்டும் மாப்பிள்ளை. வீட்டில் ரெஸ்ட் எடுத்தால் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அங்கே உட்கார்ந்தால் உள்ளே அவள் கருவியைத் தட்டில் வைக்கிற சத்தமாவது கேட்கும். ஆகவே இந்தக் கடிதம் கண்டதும், ஒன்றாம் தேதிக்கு முன்னால் நேரில் வந்து உங்கள் பெட்டி, அம்பு, இன்னும் எனக்குத் தெரியாமல் எதையாவது ஒளித்து வைத்திருந்தால் அது, எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிப் போடவும். நான் நோட்டுக்கே திரும்புகிறேன்.

என் மகளிடம் அன்பைச் சொல்லவும். அவளுக்கு எல்லா நலமும், உங்களுக்கு மாமனார் போன் செய்தால் முழுவதும் கேட்கும் பக்குவமும் உண்டாகட்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: சனிக்கிழமை எழுதியதை ஞாயிறு மாலை உறையில் போடும்போது உங்கள் மாமியார் போனும் கையுமாக வந்து எதிரில் நின்றாள். சோதனைக்கு என்று போட்ட 'டாக்டர்' அவள் நம்பரோடு முதல் கட்டத்திலேயே இருந்திருக்கிறது. அதை யாரும் எடுக்கவில்லை. என் நோட்டிலோ ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு நேரே ஓர் ஓரக் குறிப்பு உண்டு. அதையும் அப்படியே ஏற்றியிருந்தேன். அவள் எனக்கே படித்துக் காட்டினாள்: 'டாக்டர். நின்று நின்று கால் வீங்கியிருக்கும். கேட்டால் இல்லை என்பாள். அடுத்த ஆளைப் பத்து நிமிடம் பேச்சில் பிடித்து வை. உட்காரட்டும்.'

"தொண்ணூத்தாறு தடவை வந்திருக்கு" என்றாள். அது அந்த ஒப்புதல் அம்பின் கோளாறு என்று விளக்க ஆரம்பித்தேன். "தொண்ணூத்தாறையும் படிச்சேங்க" என்றாள். பாதி உறைக்குள் போன கடிதத்தை வெளியே எடுத்தேன். பிறகு அவளே, "அந்தப் பொண்ணை வர வேண்டாம்னு சொல்லிட்டேன். அவளுக்கு அவ்வளவாப் பேச்சு வராது. பத்து நிமிஷம் எப்படிப் பிடிச்சு வைப்பா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகவே மேலே கண்ட அனைத்தும் ரத்து. பிடுங்க வர வேண்டாம். வக்கீலுக்கும் பாட்டு டீச்சருக்கும் போகிற அம்பை மட்டும் அங்கிருந்தே எடுத்துவிடுங்கள். முதல் கட்டத்தில் கை வைக்காதீர்கள். கடிதம் கிடைத்ததற்கு ஒப்புதல் அனுப்பவும், ஒரு தடவை போதும். முதல் பத்தியில் காலியாக விட்ட வரியில் 'இருவரும் நலம்' என்று நீங்களே எழுதிக்கொள்ளவும். சரிபார்த்துவிட்டேன்.