யோசிப்பம் அண்ணை வாங்கிய துவக்கு

டொரொண்டோவில் இருக்கிற அத்தனை தமிழர்களும் எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்க, வாழ்நாளில் ஒருமுறைகூட அவசரப்படாத ஒரே மனிதர் யோசிப்பம் அண்ணைதான். டொரொண்டோவை ஒட்டிய மார்க்கம் நகரில் நானும் அவரும் ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேசையில் வேலை பார்த்தோம். அவருடைய உண்மையான பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும். எதைக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "யோசிப்பம்" என்பார். கோப்பி குடிக்கப் போவோமா என்று கேட்டால், அவர் யோசித்து முடிக்கும்போது கடைக்காரர் கதிரைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் "பிடிச்சிருக்கோ?" என்று கேட்டதற்கும் அதையேதான் சொன்னாராம். மறுமொழி வரப் பதினொரு மாதம். "அதுக்குள்ளை எனக்கு வேறை ரெண்டு சம்பந்தம் வந்தது தம்பி. நானும் ஒரு பிடிவாதத்திலை இருந்திட்டன்" என்பார் அவர் மனைவி பவளமக்கா. பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் அவர்கள் வீடு பார்க்கத் தொடங்கியபோது அந்த இடம் வெறும் சோளக்காடு. அண்ணை முடிவெடுத்தபோது அங்கே கட்டிய வீட்டுக்குப் பழைய கூரையைக் கழற்றி இரண்டாவது கூரை போட்டிருந்தார்கள்.

இப்படிப்பட்டவரைத்தான் எங்களோடு வேலை செய்த பீற்றர் ஒரு சனிக்கிழமை துப்பாக்கி சுடும் கிளப்புக்கு அழைத்துப் போனான். வேடிக்கை பார்க்க நானும் போனேன். அங்கே களிமண்ணால் செய்த செம்மஞ்சள் தட்டுகளை ஒரு யந்திரம் வானத்தில் வீசும். பறக்கும்போதே சுட்டு உடைக்கவேண்டும். சுடுகிறவர் குரல் கொடுத்ததும், முன்னால் இருக்கும் மைக் அதைக் கேட்டுத் தட்டை விட்டுவிடும். என்ன சொல், எந்த மொழி என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை.

அண்ணை பீற்றரின் துவக்கைத் தோளில் வைத்தார். "கொஞ்சம் யோசிப்பம்" என்றார். தட்டு பறந்தது.

"ஐயோ!" இன்னொரு தட்டு.

"நிப்பாட்டுங்கோ!" மூன்றாவது.

"பீற்றர், உதுக்கு விசர் பிடிச்சிட்டுது!"

நான்காவது தட்டுக்கு அண்ணை பார்த்துச் சுட்டாரா, பதற்றத்தில் சுட்டாரா தெரியாது. தட்டு தூளாகிப் போனது.

"தம்பி, யோசிக்க விடேல்லை. அதுதான் பட்டது!" என்று சிரித்தார். பத்து வருடப் பழக்கத்தில் அவருடைய பற்களை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

சொந்தமாக ஒரு துவக்கு வேண்டும் என்ற பேச்சை வீட்டில் அவர் எடுத்தபோது, நான் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பவளமக்கா கேத்திலைக் கீழே வைத்தார்.

"ஊரிலை சண்டை நேரம் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து, வயித்திலை பிள்ளையோடை பங்கர்க் கிடங்குக்கை கிடந்தனான். அந்தச் சாமானை இஞ்சை கடையிலை போய் வாங்கப் போறீங்களோ?"

அண்ணை கண்ணாடியைத் துடைக்கவில்லை. "அது எங்களைத் தேடி வந்த துவக்கு, பவளம். இது தட்டு உடைக்கிறதுக்கு. பீற்றரோடை ரெண்டொரு தரம் வாத்துக்கும் போகலாம்."

"தட்டு உடைக்கிறதெண்டால் குசினியிலை நில்லுங்கோ. கழுவேக்கை கிழமைக்கு ஒண்டு உடைக்கிறனீங்கள்தானே."

ஆனாலும் அடுத்த சனி பவளமக்காவும் கிளப்புக்கு வந்தார். முதல் வெடிக்குக் கார்க் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார். பிறகு கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். ஒரு தட்டு உடைந்து அண்ணை துள்ளியதைக் கண்டதும், "உந்த மனிசன் கலியாணத்தண்டும் இப்பிடிச் சிரிக்கேல்லை" என்றார். திரும்பும் வழியில் தீர்ப்பு வந்தது.

"ஒண்டே ஒண்டுதான். பேஸ்மென்ற்றிலை, இரும்புப் பெட்டிக்கை. சாமியறைப் பக்கம் வரப்படாது."

அந்த 'ஒண்டே ஒண்டு'தான் வினையானது. பாதுகாப்பு வகுப்பு, பரீட்சை, உரிமம் எல்லாம் ஒழுங்காக முடித்தார். ஆனால் எந்தத் துவக்கு? ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஓட்டோ என்பது மட்டும் முடிவு. அதில் இரண்டு வகை. வெடிக்கும்போது கிளம்பும் வாயுவால் இயங்குவது பாரம் கூட, ஆனால் தோளில் மெதுவாக உதைக்கும். நாள் முழுக்கத் தட்டுச் சுடலாம். உதைப்பின் வேகத்தாலேயே இயங்குவது பாரம் குறைவு; சதுப்பு நிலத்தில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஆனால் கழுதை தோற்றுப்போகும் உதை.

யூலை மாத வெக்கையில் அண்ணை முழங்கால்வரை தொங்கும் குளிர் ஜாக்கெட்டும் கையுறையும் கம்பளித் தொப்பியுமாக வந்து என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். துவக்குக் கடைக்குள் அந்தக் கோலத்தில் ஒருவர் நுழைந்ததும், கடைக்காரரின் கை மெல்லத் தொலைபேசிப் பக்கம் போனது. வாத்துச் சுடுவது குளிரில்தானே, அந்தத் தடிப்போடு துவக்கின் பிடி தோளில் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும் என அண்ணை விளக்கினார். கடைக்காரர் எழுந்து கை கொடுத்தார். இத்தனை வருடத்தில் இதை யோசித்த முதல் ஆளாம்.

அவருடைய மகிழ்ச்சி நீடிக்கவில்லை. செப்ரெம்பர்வரை ஒவ்வொரு சனியும் போனோம். கடைசியில் கடைக்காரர் அந்த ஜாக்கெட்டைக் கொழுவுவதற்கென்றே சுவரில் ஒரு ஆணி அடித்துவிட்டார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் பவளமக்காவே கூட வந்தார். இரண்டு துவக்கையும் தேங்காய் பார்ப்பதுபோலக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"வாத்துக்கு வருசத்திலை எத்தினை நாள் போவீங்கள்?"

"ரெண்டு."

"தட்டுக்கு?"

"எல்லாச் சனியும்."

"அப்ப நோகாததை எடுங்கோ. உங்கடை தோளுக்கு எண்ணெய் தேய்க்கிறது நான்தான்."

மூன்று மாதக் கேள்வி அரை நிமிடத்தில் முடிந்தது. கடைக்காரர் அக்காவைக் கும்பிடாத குறை.

ஒக்ரோபரில் அண்ணையும் பீற்றரும் நானும் வாத்துச் சுட வடக்கே ஒரு சதுப்பு நிலத்துக்கு விடியப் போனோம். அந்த நேரத்திலும் குளிரில்லாத நாள். நாணலுக்குள் மூவரும் குந்தியிருந்தோம். மூன்று வாத்துகள் தாழப் பறந்து நேரே வந்தன. "உன்னுடையது" என்று பீற்றர் கிசுகிசுத்தான்.

அண்ணை எழுந்தார். துவக்கு தோளில் கச்சிதமாகப் பொருந்தியது. குழல் வாத்துகளோடு சேர்ந்து அழகாக நகர்ந்தது. நகர்ந்துகொண்டே போனது. வாத்துகள் மரங்களுக்கு அப்பால் மறைந்தன.

"துவக்கு இறுகிட்டுது" என்றார் அண்ணை.

பீற்றர் துவக்கை வாங்கித் திறந்தான். தோட்டா வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நான் பக்கத்தில் இருந்தவன். அண்ணையின் விரல் விசைப் பக்கமே போகவில்லை என்பதைக் கண்டவன். அண்ணை என்னைப் பார்த்தார்.

"குளிருக்கு இறுகியிருக்கும்" என்றேன். அண்ணையின் நெற்றியில் வேர்வை வடிந்துகொண்டிருந்தது.

பீற்றர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "பொல்லாத குளிர்தான்" என்று சொல்லித் தோட்டாவைப் பைக்குள் போட்டான்.

திரும்பி வரும்போது காரில் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மூண்டும் ஒண்டாய் எங்கையோ போகுதுகள், தம்பி."

தட்டுகளை அவர் இன்றும் சனிக்கிழமைதோறும் உடைத்துத் தள்ளுகிறார். வாத்துக் காலம் வந்தால் மட்டும் அந்தத் துவக்கு வருடா வருடம் குளிரில் இறுகிவிடுகிறது. சாட்சி சொல்ல ஒரு ஆள் வேண்டுமே என்று நானும் வருடா வருடம் கூடப் போகிறேன்.