மணவறைக்கு ஒரு வாக்கெடுப்பு

மணவறை தேவராசாவின் கராஜில் இருந்தது. அதை யோகராஜா கேட்டுவிட்டார்.

கேட்டது மகன் ரதீசனின் கலியாணத்துக்கு. ரதீசன் கட்டப்போவது கோனர் என்ற ஐரிஷ் இளைஞனை. கோனர் பல் வைத்தியன்.

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் நடந்த ஊர் ஒன்றியக் கூட்டத்தில் யோகராஜா எழுந்து இதைச் சொன்னார். ஒன்றியத்தின் தலைவர் அவர். செயலாளர் தேவராசா. பதினொரு வருடங்களுக்கு முன் ஊரிலிருந்து கப்பலில் வந்த, மணமக்கள் இருக்கும் அந்த மர மணவறையைத் துறைமுகத்தில் நின்று எடுத்தது தேவராசா. தன் காரை மழையில் விட்டு அதற்குக் கராஜில் இடம் கொடுத்ததும் தேவராசா. அங்கத்தவர் பிள்ளைகள் யாருக்குக் கலியாணம் என்றாலும் அது போகும். முதலில் அதில் இருப்பது தன் மகன் நிருஜன்தான் என்று அவர் நினைத்திருந்தார்.

நிருஜனுக்கு இப்போது முப்பத்தாறு. பதினான்கு சாதகம் பார்த்தாயிற்று. மணவறை ஒன்பது தரம் போய் வந்துவிட்டது. ஒன்பது தரமும் அதை வான் வண்டியில் தூக்கி ஏற்றியது நிருஜன்.

"சட்டம் இடம் குடுக்குது தம்பி, நான் இல்லை எண்டேல்லை," என்றார் தேவராசா. "ஆனா மணவறை பொதுச் சொத்து."

யோகராஜா கோபிக்கவில்லை. கோனரின் நாட்டில் சனம் முழுக்க வாக்குப் போட்டுத்தான் இப்படியான கலியாணங்களுக்குச் சம்மதித்ததாம். இங்கேயும் அப்படியே செய்யலாம் என்றார்.

"அங்கத்தவர் ஓம் எண்டால் நானும் மணவறைக்குப் பக்கத்தில நிண்டு செய்து வைக்கிறன். இல்லை எண்டால் பெடியள் ரண்டு பேரும் பதிவோட முடிக்கட்டும். நீங்களே நடத்துங்கோ, அண்ணை."

அந்த நிதானந்தான் தேவராசாவைச் சுட்டது. தோற்கமாட்டேன் என்று அவ்வளவு நிச்சயம். எப்போதும் அப்படித்தான். இருவரும் ஒரே வருடம் லண்டன் வந்தார்கள்; யோகராஜாவுக்கு விசா முதலில் கிடைத்தது. தேவராசா வீடு வாங்கினார். அதே தெருவில் யோகராஜா அதைவிடப் பெரிய மூலை வீடு வாங்கினார்.

"ஆம்பிளைப் பிள்ளை ஒண்டைப் பெத்துப்போட்டு மருமகனும் எடுக்கிறான்," என்று தேவராசா வீட்டில் மனைவி தவமணியிடம் சொன்னார். "எங்களுக்கு ஒரு மருமகளுக்கே வழியில்லை."

"சாதகத்தில நீங்கள்தானே பிழை பிடிச்சனீங்கள்," என்றாள் தவமணி.

அடுத்த நாள் காலை அவர் தொலைபேசியை எடுத்தார். அங்கத்தவர் பட்டியலில் மேலிருந்து கீழே ஒவ்வொருவராக. கலியாணமே பிழை என்று அவர் சொல்லவில்லை. பிள்ளைகள் கேட்டால் ஏசுவார்கள். ஆகவே ஆடம்பரத்தைப் பற்றிச் சொன்னார். அறுநூறு பேராம். யாழ்ப்பாணத்திலிருந்து நாதஸ்வரக் கோஷ்டியாம். டப்ளினில் இருந்து எண்பது வெள்ளைக்காரர் வேட்டியோடு இறங்குகிறார்களாம். மதியம் சைவம், இரவு ஆட்டிறைச்சி. இதில் பாதி அவருக்குத் தெரியாது. பொறாமை கற்பித்ததைச் சொன்னார். நன்றாகவே கற்பித்தது.

பத்தாவது அழைப்பில் முதியவர் தியாகராஜா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"கலியாணக் காட் எப்ப வரும், தேவராசா? இல்லாட்டி என்னை விட்டிட்டாங்களோ?"

விம்பிள்டனில் இருந்த ஒரு அம்மா, எண்பது வேட்டிகளும் ஒரே கரையா என்று கேட்டார். இன்னொருவர் தன் பேத்தியின் பரத நாட்டியத்தை நிகழ்ச்சியில் சேர்க்க முடியுமா என்று விசாரித்தார். மாலைக்குள் மூன்று பெண்கள் சேலை எடுக்கப் போய்விட்டதாகத் தவமணிக்குச் செய்தி வந்தது.

"நீங்கள் கலியாணத்தை நிப்பாட்டுறியளோ, ஆள் சேக்கிறியளோ?" என்றாள் அவள்.

மறுநாள் தேவராசா வழியை மாற்றினார். ஆடம்பரத்தை விட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பற்றிப் பேசினார். எங்கட ஆள் இல்லை. எங்கட சாப்பாடு பழக்கமில்லை. பல்லுப் பிடுங்குகிறவன். இதைக் கேட்ட நான்கு பேர், கோனரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டார்கள். லண்டனில் பல் வைத்தியரிடம் இடம் கிடைப்பது அவ்வளவு கடினமாக இருந்தது. வெள்ளிக்கிழமை தியாகராஜா புதுப் பல்லோடு சிரித்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றார். பெடியன் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் தன்னைவிட வடிவாகக் கையால் சாப்பிடுகிறான் என்று நின்றவர்களுக்கெல்லாம் சொன்னார்.

தேவராசாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பிறகு மெல்பேர்னில் இருக்கும் மச்சானை அழைத்தார். அந்த நாட்டிலும் இதற்குச் சனத்திடம் கேட்டிருந்தார்கள். எப்படிக் கேட்டார்கள் என்று அறிய விரும்பினார்.

"தபாலில," என்றான் மச்சான். "வீட்டுக்கே கடிதம் வந்தது."

அந்த நாடு ஓம் என்று சொன்னதை மச்சான் சொல்வதற்குள் தேவராசா தொலைபேசியை வைத்துவிட்டார். குளிரில் மண்டபத்துக்கு வராத கிழங்கள் எத்தனை பேர். எல்லோரும் பழைய ஆட்கள். வீட்டுக் கதிரையில் இருந்தபடி, ஒருவர் முகத்தையும் பார்க்காமல், மனதில் உள்ளதைப் போடுவார்கள்.

வாக்குச்சீட்டை அவரே ஆங்கிலத்தில் தயாரித்தார். அரசாங்கக் கடிதம் போல ஒரு கனம் இருக்கவேண்டும் என்று நினைத்தார். மேலே இலக்கம், கீழே கடைசித் திகதி, நடுவில் இரண்டு பெட்டிகள். பழுப்பு உறை.

உறைகளை மடிக்க யோகராஜாவே மனைவி சிவமலரோடு வந்தார். தபால் யோசனை அருமை என்றார். முத்திரைகளை ஒவ்வொன்றாக நேராக ஒட்டினார். வயதுபோன எவரையும் விட்டுவிடக் கூடாது என்று பட்டியலை இரண்டு தரம் சரிபார்த்தார். சிவமலர் மடித்த உறைகளை அடுக்கினாள்.

"பாத்தியே அவன்ட எடுப்பையும் திமிரையும்," என்றார் தேவராசா, அவர்கள் போன பிறகு. "எனக்கு உதவி செய்து என்னை வெல்லப்போறானாம்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எண்ணினார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. ரதீசனும் கோனரும் முன்வரிசையில் கையைக் கோத்துக்கொண்டு இருந்தார்கள். தேவராசா உறைகளைப் பிரித்து ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டினார்.

ஓம். ஓம். ஓம். இல்லை. ஓம்.

இருபதாவது சீட்டில் அவருடைய குரல் இறங்கியது. ஊதா மையில் சரி போட்டிருந்தது. அடுத்ததில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு இதயம் வரைந்திருந்தது. தியாகராஜா வயதுக் கிழங்கள் யாரும் இதயம் வரைவதில்லை.

அவர் மேசையைச் சுற்றி வந்து தியாகராஜாவின் காதருகே குனிந்தார்.

"அண்ணை, நீங்களோ போட்டனீங்கள்?"

"என்னத்தை?"

"அந்த வோட்டு ஃபோம்."

"அதுவோ. கவுன்சில் கடிதமெண்டு நினைச்சன். பேத்தி லக்‌ஷிகாதானே வீட்டுக்கு வாற ஃபோம் எல்லாம் நிரப்புறவள். பெனிபிட் காசை நிப்பாட்டிப் போடுவாங்கள் எண்டு அண்டைக்கே தபாலில போடச் சொன்னனான்."

பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். வந்த நாளிலிருந்து ஆங்கிலத்தில் எது வந்தாலும் பிள்ளைகள்தான் நிரப்புவது. இப்போது அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள்.

தேவராசா தவமணியைப் பார்த்தார்.

"எனக்கு நிருஜன் நிரப்பித் தந்தவன்," என்றாள் அவள். குரலில் குற்ற உணர்வு இல்லை. "நல்ல மனசோடதான் நிரப்பினவன்."

ஓம் நூற்றுப் பதினெட்டு, இல்லை முப்பத்தொன்று. தேவராசா அதைத் தானே வாசிக்கவேண்டியிருந்தது. மண்டபம் கைதட்டியது. கோனர் எழுந்து எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டான். நிருஜன் போய் ரதீசனைக் கட்டிப்பிடித்தான். பிறகு கராஜ் சாவிக்காக அப்பாவிடம் கையை நீட்டினான். பத்தாவது தரம்.

யோகராஜா மட்டும் கதிரையை விட்டு எழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார். வெற்றியைக்கூட அடக்கமாகக் காட்டிக்கொள்கிறான் என்று தேவராசாவுக்கு நெஞ்சு எரிந்தது. முப்பது வருடத்தில் ஒரு தரம், ஒரே ஒரு தரம், இந்த மனிதனைத் தோற்கடித்திருக்கலாம்.

சிவமலர் தேநீர்க் கோப்பையோடு அவரிடம் வந்தாள். கண்கள் கலங்கியிருந்தன, முகம் நிறையச் சிரிப்பு. தேநீரைக் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பிள்ளையின்ட முகத்தைப் பாத்து ஏலாது எண்டு சொல்ல இவருக்கு வாய் வரேல்லை, அண்ணை. நீங்கள் எப்பிடியும் தோற்கடிச்சுப் போடுவியள் எண்டு நம்பித்தான் வோட்டுக்கு விட்டவர்."