சத்தம் போடாத மோட்டார்

சத்தத்தைக் குறைக்கிறேன் என்று கிளம்பி, ஒரு நிச்சயதார்த்தத்தையே கெடுக்கப் பார்த்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோயம்புத்தூரிலிருந்து கொச்சிக்கு வேலைக்கு வந்திருந்தேன். பம்ப்புக்குள் தண்ணீர் ஓடும்போது எவ்வளவு சத்தம் வரும் என்று, பம்ப்பைச் செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. நாள் முழுக்கத் திரையோடுதான் சகவாசம். மட்டாஞ்சேரியில் ஒரு மாடி அறை. எட்டு மாதத்தில் என்னோடு அதிகம் பேசியவர், "சாயா எடுக்கட்டே?" என்று கேட்கும் ஓட்டல் சேட்டன். (நான் ‘ம்’ என்பேன். அதோடு அன்றைய பேச்சு தீர்ந்தது.) ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்வீட்டில் எல்லோரும் கூடிச் சிரிப்பார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். வெட்கக்கேடுதான், என்ன செய்ய!

ஒருநாள் வீட்டுக்கார ஜமீலா இத்தா படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை பகல் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. நெய்ச்சோறு. நீங்களும் வரணும், கேட்டீங்களா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? அந்த வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஹாலை ஒட்டிப் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. அது ஓடினால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது.

"இத்தா, அன்னிக்கு மோட்டார் சத்தமே இல்லாம பண்ணித் தர்றேன்" என்றேன்.

பம்ப்புக்குள் சுழலும் சக்கரத்தின் ஒவ்வொரு தகடும் உறையின் விளிம்பைத் தாண்டும்போது தண்ணீரை அறைகிறது. அந்த அறைதான் இரைச்சல். சக்கரத்தைச் சிறிதாக்கி இடைவெளியைக் கூட்டினால் இரைச்சல் அடங்கும். நாலு நாள் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன், பிரமாதமாக அடங்கியது. சக்கரத்தைக் கடைந்து சிறிதாக்க லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

"இத்ரயும் குறைக்கணோ சாரே?" என்றார் பட்டறைக்காரர்.

"கம்ப்யூட்டர் சொல்லுது" என்றேன். (என்ன திமிர்!)

ஞாயிறு காலை சக்கரத்தை மாட்டினேன். விருந்தாளிகள் ஹாலில் நிறைந்ததும் எல்லோர் முன்னாலும் சுவிட்சைப் போட்டேன். மெல்லிய முனகல், அவ்வளவுதான். மாப்பிள்ளையின் வாப்பா குனிந்து பார்த்து, "மாஷா அல்லாஹ்! ஓடுதா, இல்லையா?" என்றார். நான் ஒரு அடி வளர்ந்தேன்.

உள்ளேயிருந்து இத்தாவின் குரல் வந்தது: "தம்பி, குழாயில வெள்ளம் வரலையே!" (வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர்.)

சிறுத்த சக்கரத்துக்குத் தண்ணீரை மேலே தள்ளும் பலம் இல்லை. என் கணக்கில் தண்ணீர் பம்ப்பின் வாயைத் தாண்டினால் போதும் என்று விட்டிருந்தேன். மூன்றாவது மாடியில் தொட்டி இருப்பதைக் கம்ப்யூட்டரிடம் நான் சொல்லவே இல்லை. அந்தத் தொட்டியையோ காலைச் சமையலிலேயே காலி செய்திருந்தார்கள். நாற்பது பேர் கை கழுவத் தண்ணீர் இல்லை. மாப்பிள்ளையின் வாப்பா சட்டைக்கையை மடித்துக்கொண்டு கீழ்த்தொட்டியில் வாளியை இறக்கினார். அதைப் பார்த்த பிறகு நான் அங்கே நிற்பேனா? ஓடிப்போய் அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டேன். கீழே சிரிப்புக் கேட்டது. எட்டு மாதமாக நான் ஏங்கிய அதே சிரிப்பு, இப்போது என்னைப் பார்த்து. அழுதேன் என்பதை மறைப்பானேன்.

இத்தா வந்து கதவைத் தட்டினார்.

"தம்பி, இறங்கி வாங்க. ஒரு சஹனுக்கு நாலு பேரு உக்காரணும். ஒண்ணுல மூணு பேருதான் இருக்காங்க. ஆள் வராம அவங்க சோத்துல கை வைக்க மாட்டாங்க."

போனேன். சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருவர் மாப்பிள்ளையின் வாப்பா. நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் இறைத்த தண்ணீரில் கை கழுவி, ஈரக்கையோடு உட்கார்ந்தேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வேறு சக்கரம் மாட்டியதும் மோட்டாரும் பழையபடி அலற ஆரம்பித்தது. நான் இப்போது வேறு ஊரில், பத்தாவது மாடியில், ஒரு சத்தமும் நுழையாத வீட்டில் தனியாக இருக்கிறேன். பெருநாள் பகலில் மட்டும் ஜமீலா இத்தாவின் போன் தவறாமல் வரும். ஹலோகூடச் சொல்ல மாட்டார். போனை மோட்டார் பக்கத்தில் பிடிப்பார். அந்த அலறலுக்கு மேலே வீடே சேர்ந்து கத்தும்: "எஞ்சினீயரே, வெள்ளம் ஏறுது!"

தொட்டி நிரம்பும்வரை நான் போனை வைப்பதில்லை.