குபேரனுக்கு ஈரம் வேண்டும்

ஈரத்தை உலகத்தில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள், மிதித்திருக்கிறார்கள், வழுக்கி விழுந்தும் இருக்கிறார்கள். ஆனால் அதை முறைப்படி 'நிர்வாகம்' செய்த முதல் மனிதர், தியாகராய நகர் ஜவுளிக்கடை முதலாளி சண்முகவேல்தான். ஆண்டு 1971.

கோபாலபுரத்துச் சம்பந்தி அல்சேஷன் நாய் வளர்த்ததால், இவர் மலைப்பாம்பு வளர்க்க வேண்டியதாயிற்று. இரண்டடிக் குட்டி. பெயர் குபேரன். முதலாளியின் குளிர்சாதன அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் வாசம். அந்தக் காய்ந்த குளிரில் அதற்குச் சட்டை உரியவில்லை. பழைய தோல், வெயிலில் வெடித்த சினிமா போஸ்டர் மாதிரி துண்டு துண்டாய்த் தொங்கியது.

மிருக வைத்தியர் ஷஃபியுல்லா வந்து பார்த்தார். "காத்துல ஈரப்பதம் பத்தலை. எழுபது சதவீதமாவது வேணும்."

அன்றே அவசர ஆலோசனைக் கூட்டம். முதலாளி தலைமை. மனைவி தங்கபுஷ்பம் முன்னிலை. கார் டிரைவர் லாசர் பார்வையாளர். ஊரே குடமும் கையுமாகக் குழாயடியில் நின்ற அந்தக் கோடையில், பாம்புக்கு வேளைக்கு ஒரு குடம் தெளிப்பதென்று தீர்மானம் நிறைவேறியது.

"அப்போ சமையலுக்கு?" என்றாள் தங்கபுஷ்பம்.

"நாம என்ன தோலா உரிக்கப் போறோம்?" என்றார் முதலாளி.

தெளித்த தண்ணீரைக் குளிர்சாதனம் குடித்துவிட்டது. அதை நிறுத்தலாம் என்ற யோசனை, முதலாளியின் தூக்கத்தை முன்னிட்டுத் தள்ளுபடி செய்யப்பட்டது. பதிலாக, ஈரம் அளக்கும் கருவி ஒன்று வந்தது. பார்வைக்குக் கடிகாரம் மாதிரி, ஆனால் ஒரே முள். அதை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு நடக்கும் பொறுப்பு லாசருக்கு.

லாசருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வீட்டின் பின்புறம் அவன் குடியிருந்த அறையில் மூன்று வருஷமாகச் சுவரெல்லாம் ஓதம். மனைவி தேசம்மாவுக்கு ஓயாத இழுப்பு. வேறு இடம் கேட்டால் முதலாளி, "நம்ம கட்டடத்துல ஓதமா? நானே கூட நின்னு பூசின சுவருலா!" என்பார். இனி வாய் பேச வேண்டாம், முள் பேசட்டும்.

"மொதலாளி, நம்ம ரூம்ல வெச்சுப் பாக்கலாமா?"

முள் எண்பத்தெட்டில் போய் நின்றது. தேசம்மா பக்கத்தில் நின்று, சாட்சிக்கு இருமினாள்.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏலே லாசரு! இம்புட்டு நல்ல ஈரத்த இத்தன நாளா ஏன்ல மறச்சு வச்சிருந்த?"

"மூணு வருசமா சொல்லிக்கினுதானே கீறேன், மொதலாளி!"

மாலையே குபேரன் குடியேறியது. லாசர் தம்பதி கார் ஷெட்டுக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே மூன்று பக்கமும் காற்று. பத்தே நாளில் தேசம்மாவின் இழுப்பு அடங்கிற்று.

"யோவ், அந்தப் பாம்பு நல்லா இருக்கணும்யா. மாதாவுக்கு மெழுகுவத்தி நேந்துகினு கீறேன்" என்றாள்.

"பாம்புக்காகவா?"

"அது அங்க இருந்தாத்தானே நான் இங்க இருப்பேன்!"

குபேரன் ஒரே துண்டாகச் சட்டையை உரித்தது. முதலாளி அதைச் சம்பந்திக்குக் காட்டிவிட்டுத் திரும்புவதற்குள், குபேரன் வயிற்றில் கொப்புளம். வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. ஷஃபியுல்லா சுவரைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்து, சீட்டு எழுதி உரக்கப் படித்தார்: "காற்றோட்டம் இல்லாத ஓத அறை. உயிருள்ள பிராணி எதையும் இங்கே வைக்கக் கூடாது."

வைத்தியர் சொல்லைத் தட்டாதவர் முதலாளி. ஐந்தே நிமிஷத்தில் பாம்பை வெளியேற்றினார். ஆறாவது நிமிஷத்தில் லாசரைக் கூப்பிட்டார்.

"கார் ஷெட்டுல நல்ல காத்தோட்டம்லா. அது குபேரனுக்கு. நீங்க பழைய ரூமுக்கே போயிருங்க."

லாசர் சீட்டை நீட்டினான். "மொதலாளி, உயிருள்ளது எதுவுமே அங்க இருக்கக் கூடாதுன்னு டாக்டரே எழுதிக்கீறாரே?"

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையெழுத்துக்குக் கீழே இருந்த பட்டத்தைப் பொறுமையாகப் படித்தார்.

"இவரு மிருக டாக்டர்லா! ஒம் பொண்டாட்டியப் பத்தி எழுத இவருக்கு என்னல அதிகாரம் இருக்கு?"